துறை மூடிய செவ்வாய்க்கிழமை

வடகாற்று. துறைமுகம் மூடல்.
கைபேசியில் அவ்வளவுதான் வந்தது.
படகு இல்லை, பண்ணை இல்லை,
கூண்டுக்கு அடியில் முக்குளித்து
செத்த சால்மன்களைப் பையில் அள்ளும்
என் வேலையும் இல்லை.

சிலோயே தீவின் இந்தக் கரையில்
மழைக்கு ஒதுங்க இரண்டு கதவுகள் திறந்திருந்தன.
மாதா கோவிலில் யாருக்கோ அடக்கப் பூசை.
மற்றது, கப்பல் பட்டறையாக இருந்து
காட்சிசாலையான தகரக் கூரை.

ஐந்நூறு பெசோ. காலைத் துடைத்துவிட்டு வாங்க.
சீட்டுக் கிழித்தவளின் சட்டையில் யஸ்னா என்று இருந்தது.
கணப்படுப்பில் கெண்டி முனகியது.

வாய்ச்சி, இழைப்புளி, துரப்பணம், ஒவ்வொன்றுக்கும் எண்.
கண்ணாடிக்குள் கூலிக் கணக்கேடு,
யாரோ ஒரு பக்கத்தில் திறந்து வைத்தபடி:
ஓயார்சோ, அரை நாள், பல்வலி.
மறுநாள்: ஓயார்சோ, முழு நாள்.
நாக்கு தானாக என் கடைவாய்ப்பல்லைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டது.

நடுவில், கட்டைகள் மேல், 'எதெல்வினா'.
பதினொரு மீட்டர். சைப்ரஸ் பலகை, லூமா மர ஆணி,
இடுக்குகளில் அலெர்சே மரப்பட்டையின் நார்.
உருளைக்கிழங்கு, ஆடு,
ஒருமுறை ஒரு கல்யாணக் கூட்டம் முழுவதையும்
ஏற்றிப் போனதாம்.
பாய் இறக்கி, அணியத்தை வாசல் பக்கம் வைத்து
நிறுத்தியிருந்தார்கள்.

எனக்கு எந்தப் படகையும் பக்கவாட்டில் பார்த்துப் பழக்கமில்லை.
இருபது வருடமாக அடியிலிருந்தே பார்க்கிறேன்.
கயிற்றைத் தாண்டினேன்.
ஏராவுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தேன்,
மூச்சை நிறுத்தினேன், பழக்கதோஷம்.

மேலே வெளிச்சம் தெரிந்தது.
பலகைக்கும் பலகைக்கும் இடையே
சுண்டுவிரல் நுழையும் வெளிச்சம்.
பத்து மாதம் மழை பெய்யும் தீவில்
ஒரு படகு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது.

ஐயா, கயிற்றுக்கு வெளியே!
என்று வந்தவள் குனிந்து பார்த்தாள்.
ரொம்ப வெடிச்சிருக்கா?
ரொம்ப.
செவ்வாய்தோறும் இருபது வாளி கடல்நீர் ஊற்றணும்,
மழைத்தண்ணி ஆகாது, உளுத்துடும்.
ஊற்றுகிற ஹெரால்டோ பூசைக்குப் போயிட்டான்,
மாமியார் தவறிட்டாங்க.
சொல்லிவிட்டுத் தன் இடுப்பைப் பிடித்துக் காட்டினாள்.
வாளி ஏற்கெனவே என் கையில் இருந்தது.

வற்றம். தண்ணீர் எண்பது எட்டுக்கு அப்பால்.
கலங்களை இறக்கிய பழைய தண்டவாளம்
பாசி பிடித்துச் சரிந்து போகிறது.
அதன் மேலேயே போய் மொண்டு வந்தேன்.

முதல் வாளி
எதெல்வினாவின் வயிற்றில் விழுந்து
வங்குகளைச் சுற்றி, எல்லா இடுக்கிலும் ஒழுகி,
தரையில் கோடாகி
வாசல் தாண்டிச் சரிவில் இறங்கியது,
வழி தெரிந்தது போல.
இரண்டாவதும். ஆறாவதும்.
இதுக்கு நேரே கடலில் ஊற்றலாமே என்றேன்.
ஏழு என்று எண்ணினாள் யஸ்னா.

பத்தாவதுக்கு எழுபது எட்டு போதுமாக இருந்தது.
பதிமூன்றுக்கு ஐம்பத்தைந்து.
ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.
தண்டவாளத்தை ஒவ்வொரு கட்டையாக மூடி
எதிரே வந்துகொண்டிருந்தது.

பதினாறில் உள்ளே ஏதோ முறுகியது.
பலகையா, அடுப்பில் விறகா?
இருவரும் அசையாமல் நின்றோம்.
இன்னொரு தடவை கேட்கவில்லை.

பதினேழை ஊற்றும்போது சட்டைப்பை அதிர்ந்தது:
துறை திறந்தது.

அவள் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தாள்.
பெயர்?
எலாதியோ கைசேயோ.
வாளி பதினேழு.
மூன்று குறைகிறதே, காரணம் எழுதணும்.
துறை திறந்தது என்று எழுது.
எழுதினாள். கொஞ்சம் யோசித்து
முன்னால் 'அரை நாள்' என்று சேர்த்தாள்.

அடுத்த செவ்வாய் காற்று அடிக்குமா என்று கேட்டாள்.
அது என் கையிலா இருக்கு என்றேன்.
நுழைவுக் காசைத் திருப்பித் தரவில்லை.
கெண்டியிலிருந்து ஒரு குவளை தந்தாள்.

குடித்துவிட்டு இறங்கினேன்.
எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது
பதினேழாவது வாளி,
இன்னும் மெல்லிதாக.